இரண்டே கட்டங்கள் உள்ள படிவம்

1

போன வாரம் ஊரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியது செல்வி, ஒட்டன்சத்திரத்துப் பெண். நான் படித்த அதே கல்லூரியில் வேதியியல் கடைசி வருஷம். "அண்ணா, தடயவியல் வேதியியல் மேல்படிப்பு படிக்கலாம்னு இருக்கேன். மலேசியாவுல படிச்சா நல்ல ஸ்கோப்னு ஏஜென்ட் சொல்றாரு. நீங்க ஜொகூர்லதான இருக்கீங்க? மறைக்காம சொல்லுங்க."

மறைக்காமல் சொல்வதென்றால் நல்ல வார்த்தையாக வராது. மூன்று தடவை பதில் பதிவு செய்து மூன்று தடவையும் அழித்துவிட்டேன். கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. ஆனால் குரலில் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். செல்விக்கும், அவளைப் போல அங்கே இருந்துகொண்டு விளம்பரத் தாளைப் புரட்டிப் பார்க்கிற மற்றவர்களுக்கும். யாராவது வாசித்துக் காட்டினால்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று இருக்கிற அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து நாலு வருஷம். இரண்டு வருஷம் படிப்பு, இரண்டு வருஷம் பாசிர் கூடாங்கில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை. ஊருக்குப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: "டிவியில வர்ற மாதிரி கொலை நடந்த இடத்துக்கெல்லாம் போவியாப்பா?"

இல்லை. நான் பார்ப்பது சிறுநீர். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை வரைக்கும் கப் கப்பாகச் சிறுநீர்.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கப் போகிறார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒருவன் ஏன் டீச்சர் வேலைக்கோ வங்கி வேலைக்கோ போகாமல் இதைத் தேடி வந்தான் என்று கேட்டால், காரணம் ஒரே ஒரு காகிதம்.

நான் பத்தாவது படிக்கும்போது அத்தை மகள் பூங்கொடி புகுந்த வீட்டில் இறந்துபோனாள். மருந்து குடித்துவிட்டாள் என்றார்கள் அவர்கள். கொடுத்துவிட்டார்கள் என்றார் அத்தை. உள்ளுறுப்புகளை ஜாடியில் போட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ஜாடி எந்த அறையில், எத்தனை நாள், எந்த வெயிலில் கிடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஸ்டேஷன் எழுத்தர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கும்மா" என்றார். அத்தை, "ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார். "இல்லம்மா." அவ்வளவுதான், முடிந்தது.

நகலை என் கையில் கொடுத்தார்கள், படிக்கிற பையன் என்று. 'நஞ்சு ஏதும் கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. கெட்டுப்போன மாதிரியில் எதுவும் கிடைக்காது. அதை அன்று அந்த மேஜைக்கு முன்னால் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருவன் எங்கள் பக்கத்தில் இல்லை. அதனால்தான் இந்தப் படிப்பு.

திண்டுக்கல்லில் ஒரு கல்வி ஆலோசகர் விளம்பரத் தாளைக் காட்டினார். வெள்ளைக் கோட்டு, பூதக்கண்ணாடி, பின்னால் போலீஸ் ஜீப். 'காவல்துறை, சுங்கம், நீதிமன்றம், அரசு ஆய்வகம்' என்று வேலை வாய்ப்புகள் கொட்டை எழுத்தில். நான் நம்பினேன். அப்பாவும் நம்பினார், நான் நம்பியதால்.

படிப்பு பொய்யில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த ஆசிரியர்கள் நல்லவர்கள். முதல் வாரமே ஒரு பேராசிரியை ஒரு பொடியில் துளி மருந்தை விட்டார். பொடி ஊதாவானது. "என்ன எழுதுவீங்க?" நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "போதைப்பொருள் இருக்கிறது." அவர் சொன்னார்: "தப்பு. ஊதாவானது என்று எழுதுங்க. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்." தீயில் எரிந்த துணியில் பெட்ரோல் தேடுவது, ரத்தத்தில் சாராயம் அளப்பது, ஒரு மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு கண்ணி விடாமல் எழுதி வைப்பது, எல்லாம் கற்றுத் தந்தார்கள்.

இரண்டாம் பருவத்தில் வேலைவாய்ப்புக் கண்காட்சி. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அரசுத் துறை மேஜைக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் என் மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கேட்டார்: "நீல ஐ.சி. இருக்கா?" ஐ.சி. என்பது இங்கே அடையாள அட்டை. நீலம் என்றால் குடிமகன். போலீஸ், சுங்கம், அரசு ஆய்வகம், விளம்பரத் தாளில் இருந்த அத்தனைக்கும் அந்த நீலம் வேண்டும். என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். ஆலோசகருக்கு போன் செய்தேன். "அப்படியா? ரூல் மாறியிருக்கும் தம்பி" என்றார். ரூல் மாறவே இல்லை. எப்போதும் அதுதான்.

செல்வி, உன் ஏஜென்ட்டிடம் இதைக் கேள்: வெளிநாட்டுக்காரர்களுக்கு எந்தக் கதவு திறக்கும்? நேர்மையான ஆள் என்றால் சொல்லுவார்: தனியார் ஆய்வகம். தண்ணீர், செம்பனை எண்ணெய், உணவில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறதா என்ற சோதனை, தொழிற்சாலைக் கழிவு. இயந்திரம் விற்கிற கம்பெனி. கெட்டிக்காரர்களுக்கு ஆராய்ச்சி. அப்புறம் என்னைப் போல, தொழிலாளர்களின் போதைப்பொருள் சோதனை. கேவலமான வேலை எதுவும் இல்லை. ஆனால் பூதக்கண்ணாடியைக் காட்டி ஆளைப் பிடிப்பது கேவலம். படிக்காதே என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு படி.

3

என் வேலையைச் சொல்கிறேன். தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களின் சிறுநீரை அனுப்பும். ஒவ்வொருவருக்கும் இரண்டு புட்டி. முதல் புட்டி சோதனைக்கு, இரண்டாவது சீல் வைத்துக் குளிர்பெட்டியில், பின்னால் தகராறு வந்தால் பார்ப்பதற்கு. முதல் புட்டியில் ஒரு அட்டையை முக்குவோம். ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் ஒரு கோடு. கோடு தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் சந்தேகம். வெறும் சந்தேகம். இருமல் மருந்து குடித்திருந்தாலும் ஒரு கோடு காணாமல் போகலாம். உறுதியாகச் சொல்ல பெரிய இயந்திரத்தில் இன்னொரு சோதனை வேண்டும்.

ஆனால் தொழிற்சாலை அனுப்பும் படிவத்தில் இரண்டே கட்டம்தான். நெகட்டிவ். பாசிட்டிவ். 'சந்தேகம், உறுதிச் சோதனை தேவை' என்று மூன்றாவது கட்டம் கிடையாது. சேர்ந்த புதிதில் ஓரத்தில் கையால் எழுதினேன். எங்கள் ஆய்வக மேலாளர் தேவன் கூப்பிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், வயது ஐம்பதுக்கு மேல். "கதிர், படிவம் கிளையண்டோடது. நாம அதுல கிறுக்கக் கூடாது லா" என்றார். அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்கிற அசை. கிறுக்குவதை நிறுத்திவிட்டேன். இந்தக் குறிப்பு முழுவதும் மற்றவர்கள் மேல் கோபப்படுகிறேன் அல்லவா, இந்த வரியில் என் மேல்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு சேமிப்புக் கிடங்கிலிருந்து நாற்பது சொச்சம் கப். ஒன்றில் அபின் வகைக்கான கோடு வரவில்லை. இன்னொரு அட்டையை முக்கினேன். அதிலும் வரவில்லை. பாசிட்டிவ் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா மூடியைக் கழற்றும் நேரம்கூட ஆகவில்லை. அடுத்த கப்பை எடுத்தேன்.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம் கவுண்டருக்கு ஒரு அம்மாள் வந்தார். காலில் பாதுகாப்பு பூட்ஸ், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.

"கதிரேசன் யாரு?"

"நான்தாங்க."

"இந்தியாவா?"

"ஆமாங்க."

"வாயைத் தொறந்ததுமே தெரியுது." ஒரு கடிதத்தையும் என் அறிக்கையின் நகலையும் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். "இது உங்க கையெழுத்துதானே தம்பி?"

பெயர் செலின். அந்தக் கிடங்கில் சரக்கு தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது: தற்காலிக வேலை நீக்கம், அடுத்த புதன்கிழமைக்குள் விளக்கம், இல்லையென்றால் நிரந்தர நீக்கம், போலீசுக்கும் தெரிவிக்க வேண்டி வரலாம்.

"பதினோரு வருஷமா ஓட்டறேன். சரக்கு அடுக்கின ஒரு பலெட்டை இடிச்சது கிடையாது. நான் எப்பேர்ப்பட்ட போதை ஆளுன்னு எழுதினவரையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ரெண்டு கோப்பி குடிச்சாலே எனக்கு நெஞ்சு படபடங்கும்."

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை.

"இந்தக் கடுதாசியை என் பையன்தான் படிச்சான். பதினஞ்சு வயசு. வீட்டுல எங்கிட்ட எப்பவும் இங்கிலீஷ்தான். 'மம்மி, யூ டேக்கிங் டிரக்ஸ் ஆ?'ன்னான். தமிழ்ல கேட்டிருந்தா ஒரு அறை விட்டிருப்பேன். இங்கிலீஷ்ல கேட்டதால எனக்குப் பதிலே வரலை." அப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்தப் பேரோட இனிமே எந்த கம்பெனி தம்பி என் கையில சாவி குடுக்கும்?"

"அக்கா, அந்த வாரம் ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? இருமல் மருந்து, வலி மாத்திரை?"

"இல்ல."

"ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?"

"ஏன், சாப்பாட்டுக் கடை வைக்கப் போறீங்களா? சிகாமட்ல என் தங்கச்சி மகளுக்கு ஞானஸ்நானம். கோயில் முடிஞ்சு எண்பது பேருக்கு நெய் சோறு, ஆட்டுக் குர்மா. குர்மா நான்தான்."

"கசகசா போட்டீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கசகசா இல்லாம குர்மாவா? என்ன ஊர் லா உங்க ஊரு?"

"எவ்வளவு போட்டீங்க?"

"முந்திரியைக் குறைச்சுக் கசகசாவைக் கூட்டினேன், கெட்டியா நிக்கட்டும்னு. ஊற வெச்சு அரைச்சு ஒரு பெரிய சட்டி. அடியில நின்ன மசாலாதான் ருசி. மிச்சத்தைத் தப்பாவ் பண்ணிக் கொண்டாந்துட்டேன். திங்கக்கிழமை காலையில ரொட்டி சானாய்க்கு அதையே ஊத்திப் பசியாறிட்டுத்தான் வேலைக்கு வந்தேன்."

தப்பாவ் என்றால் பொட்டலம் கட்டுவது, ரொட்டி சானாய் நம் ஊர்ப் பரோட்டா மாதிரி, பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. சிறுநீர் எடுத்தது அதே திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு.

கசகசா அபின் செடியின் விதை. போதை தராது, ஆனால் அதில் ஒட்டியிருக்கும் துளி மார்ஃபின் சிறுநீரில் வரும். அந்த அட்டைக்கு அதுவும் ஹெராயினும் ஒன்றுதான். இது எனக்குத் தெரியாததல்ல. என் பாடத்தில் இருந்தது. தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கேள்வித்தாளில் இருந்த கசகசாவை எனக்குத் தெரிந்திருந்தது. மனிதர்கள் சட்டி சட்டியாக அரைத்துச் சாப்பிடுகிற கசகசா நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அம்மா அதைத் தீபாவளிக்கு ஒரு சிட்டிகை போடுவதோடு சரி, விலை அப்படி. பாசிர் கூடாங்கில் சிறுநீர் அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் கல்யாண வீட்டிலும் கோயில் விருந்திலும் குர்மா சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். தமிழன் ஒருவன் உட்கார்ந்து அந்த அட்டையைப் பார்க்கிறான். அவனுக்கும் தோன்றவில்லை.

"அப்ப போன் போட்டுச் சொல்லிடுங்க. இப்பவே" என்றார் அக்கா. அவ்வளவு சுலபம் என்று நானும்தான் நினைத்தேன்.

கிடங்கின் ஆள்வளத் துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னதன் சாரம் இது: பிடிபட்டவர்கள் எல்லோரும் ஏதாவது சாப்பாட்டைத்தான் சொல்வார்கள். பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ். "கையெழுத்து போட்டது நீங்கதானே?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

ஆரம்பச் சோதனை மட்டும் கேட்ட வாடிக்கையாளரின் புட்டிகளை ஏழு நாள்தான் வைத்திருப்போம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கழிவு வண்டி வரும். செலின் அக்காவின் இரண்டாவது புட்டியும் அதில் போய்விடும். அது போனால் அவர் பக்கம் பேச உலகத்தில் எதுவும் இருக்காது. ஜாடி கெட்டுப்போனதும் பூங்கொடிக்கு யாரும் இல்லாமல் போன மாதிரி.

தேவன் அறைக்குப் போனேன்.

"உறுதிச் சோதனைக்கு அனுப்பணும் சார்."

"கிளையண்ட் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி? அவங்க சாம்பிள், அவங்க ஆர்டர். நீங்க நல்ல பையன் கதிர். ஆனா இது கோர்ட் இல்ல, கம்பெனி."

"அந்த அக்காவுக்கு வேலை போயிடும் சார். நாம எழுதினது தப்பு."

"தப்பு இல்ல. கோடு வரலை, நீங்க டிக் அடிச்சீங்க." கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "உங்க பாஸ் எப்ப முடியுது?"

"அடுத்த மாசம் சார்."

"ம்."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும் என்பதை ஒரு எழுத்தில் சொல்லி முடித்துவிட்டார். இங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த "ம்" தெரியும். கட்டட வேலைக்காரருக்கும் தெரியும், உணவகத்தில் தோசை வார்ப்பவருக்கும் தெரியும். முதுகலைப் பட்டம் வாங்கினால் அதிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்தவன் நான்.

சனிக்கிழமை அறையில் உட்கார்ந்து ஆய்வகத்தின் தர விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். யாரும் படிக்காத புத்தகம். தணிக்கைக்கு ஆள் வரும்போது மட்டும் தூசி தட்டுவோம். அதில் ஒரு விதி இருந்தது: ஒரு அறிக்கையைப் பற்றிப் புகார் பதிவானால், புகார் முடியும் வரை அந்த மாதிரியை அழிக்கக் கூடாது. புகாரை வாடிக்கையாளர் கொடுக்கலாம். ஊழியரும் கொடுக்கலாம். யார் மேல் கொடுக்கலாம் என்று விதியில் வரம்பு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குப் போய்ப் புகார்ப் படிவத்தை எடுத்தேன். புகார் கொடுப்பவர்: கதிரேசன். யார் மேல்: கதிரேசன். விவரம்: ஆரம்பச் சோதனையின் சந்தேகத்தை உறுதியான முடிவு போல எழுதினார், உணவு விவரம் கேட்கவில்லை, பயிற்சி இருந்தும் கவனிக்கவில்லை. குளிர்பெட்டிக்குப் போய் அந்தப் புட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒன்பது மணிக்கு வண்டி வந்து மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

தேவன் படிவத்தை இரண்டு முறை படித்தார். "அலமாக், ஐயையோ! உங்க மேலேயே நீங்க கம்ப்ளைன்டா?"

"ஆமா சார்."

"இது உங்க ஃபைல்ல கடைசி வரைக்கும் இருக்கும், தெரியுமா?"

"தெரியும் சார்."

படிவத்துக்குப் பதிவெண் விழுந்துவிட்டது. கிழித்தால் தணிக்கையில் வரிசை எண் இடிக்கும், அது அவருக்கு இன்னும் பெரிய தலைவலி. கையெழுத்துப் போட்டார். புகாரை முடிக்க உறுதிச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்பதால் அதற்கும் போட்டார். 'முந்தைய அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது, முடிவு நிலுவையில்' என்று கிடங்குக்குத் திருத்திய அறிக்கை அனுப்பினோம். கையில் முடிவே இல்லாமல் புதன்கிழமை ஆளை நீக்க முடியாது. புட்டி சீல் உடையாமல் சிலாங்கூரில் இயந்திரம் இருக்கிற ஆய்வகத்துக்குப் போனது.

செலின் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "உங்க மேல நீங்களே எழுதினீங்களா?" என்றார். "பைத்தியமா தம்பி உங்களுக்கு? சரி, சாப்டாச்சா?"

6

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. மார்ஃபின் கொஞ்சம், கோடீன் கொஞ்சம். ஹெராயின் எடுத்தவர் உடம்பில் தேடுகிற பொருள் இல்லை. ஹெராயினில் இல்லாத, கசகசாவில் இருக்கிற இன்னொரு பொருள் தெளிவாக இருந்தது. ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி, பள்ளிக்கூடம் போகாத என் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாலும் புரிகிற மாதிரி நாலு தடவை திருத்தி, கிடங்குக்கு அனுப்பினேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. பாஸ் இரண்டு வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷம் புதுப்பித்தார்கள். தேவன் அதை என்னிடம் கொடுக்கும்போது, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். கிடங்கின் படிவத்தை மாற்றும்படி மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. இப்போது நான் ஓரத்தில் கிறுக்குகிறேன். யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

செலின் அக்காவை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். முதல் நாள் மத்தியானமே எனக்குப் போன் வந்தது.

"கசகசா சாப்பிட்டதுக்கு மன்னிப்பு கேட்டு எழுதிக் குடுக்கணுமாம் தம்பி. எல்லாம் அவங்களே டைப் பண்ணி வெச்சிருந்தாங்க. சோதனையைக் கெடுக்கிற சாப்பாடு இனிமே சாப்பிட மாட்டேன், நடந்ததுக்கு வருந்தறேன்னு."

எனக்குத் தலை சூடானது. தப்புச் செய்தது நான், அவசரப்பட்டது அவர்கள், வருத்தம் தெரிவிப்பது இவரா? "போடாதீங்க அக்கா. நான் பேசறேன்."

"நீங்க பேசினது போதும். போட்டுட்டேன்."

"ஏங்க்கா?"

"சாவி வேணும்ல? ஆனா கையெழுத்துக்குக் கீழ தமிழ்ல எழுதிட்டேன். நானும் எஸ்டேட் பள்ளிக்கூடத்துல ஆறு வருஷம் தமிழ் படிச்சவதான். 'குர்மா நான்தான் வெச்சேன். நல்லா இருந்துச்சு. மன்னிப்பு கேக்க ஒண்ணும் இல்ல. ஈஸ்டருக்கும் வைப்பேன்.' அப்படியே எழுதினேன், ஒரு எழுத்து விடாம."

"அவங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. இது என்னன்னாரு. என் முழுப் பேருன்னு சொன்னேன். நாலு வரியில பேரான்னு கேக்கலை தம்பி. சாப் குத்தி ஃபைல்ல வெச்சுட்டு சாவியைக் குடுத்தாரு."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு பெண்ணைப் போதைக்காரி என்று முடிவு கட்டுவதற்கும் அவரை விடுவதற்கும் அந்த மேஜைக்கு ஒரு முத்திரை போதுமாக இருக்கிறது, இரண்டு தடவையும் யாரும் படிக்கவில்லை என்று சொல்ல வந்தேன்.

"வைக்கிறேன் தம்பி, லோரி வந்துடுச்சு" என்றார் அக்கா. ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி நகரும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு போன் நின்றது.